இணையவழியில் நூல் வாங்குவோர் விற்பவர் யாரெனப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வேண்டிய நூலைத் தேடிக் கஸ்தூரியார் வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கிடைக்காதவிடத்துக் கொழும்புக்குப் போகிறவர் ஒருவரிடம் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவது யாழ்ப்பாணத்து வாசகர்களின் நெடுநாள் வழக்கம். இன்று அதே தேடலைக் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். இங்கே கண்ணாலும் காண முடியாதிருந்த நூல்கள் பல அதனால் எமது வீடுகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், பெயர்பெற்ற ஓர் இணையத்தளத்தை நம்பி நாம் பணம் செலுத்தும்போது, நூலை விற்பவர் பல வேளைகளில் அந்தத் தளத்தார் அல்லர். சந்தையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக் கடை விரிப்பதுபோல அங்கே இடம்பெற்று விற்கும் வேறொருவர். அவர் யார், நூல் அவர் கையில் இருக்கிறதா, இருப்பது எந்தப் பதிப்பு என்பவற்றைக் கேட்டறியாமல் வாங்கி ஏமாறுகிறவர்களைப் பற்றி இப்போது அடிக்கடி கேள்விப்படுகிறேன். எனக்கும் அது நேர்ந்தது. பாடசாலை நூலகம் ஒன்றில் நீண்ட காலம் பொறுப்பாக இருந்தவன் என்ற வகையில், எனக்கு நேர்ந்ததையும் அதன் பின்னர் விசாரித்து அறிந்ததையும் தங்கள் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

அமெரிக்க மிசனரியான மிரோன் வின்சுலோவின் தமிழ் – ஆங்கிலப் பேரகராதி 1862 இல் சென்னையில் அச்சாகியது. 67,000 க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்த நூல் சென்னையில் வெளிவந்தாலும், அதற்கான சொற்றிரட்டு யாழ்ப்பாணத்து மிசன் பணியாளர்களிடமும் இங்குள்ள புலவர்களிடமுமே தொடங்கியது. வின்சுலோவும் உடுவிலில் இருந்து பணியாற்றியவர். அத்தகைய நூலின் பிரதி ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்பது எனது பல வருட ஆசை. கனடாவில் இருக்கும் என் தங்கை, பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் அது நாற்பது டொலருக்குக் கிடைப்பதாகக் கண்டு எனக்காக வாங்கினாள். திரையில் இருந்த படம் தோல் கட்டிட்ட பழைய பிரதியின் படம். நிலை 'புதியது' என்று போட்டிருந்தது. பொதி அவளது வீட்டுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. அண்ணாவுக்கான பொருள் என்பதால் பிரிக்காமலே அலுமாரியில் வைத்திருந்து, நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த மைத்துனரிடம் கொடுத்துவிட்டாள்.

பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்தது மெல்லிய அட்டை போட்ட ஒரு நூல். முதற்பக்கத்தைத் திறந்தேன். ஆங்கில விளக்கங்கள் ஒருவாறு வாசிக்கக்கூடியனவாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் முன்னால் தமிழ்ச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளும், டொலர் குறியும், தலைகீழான ஆங்கில எழுத்துகளும் கலந்து கிடந்தன. ஒரு பக்கம் இரண்டு பக்கம் அல்ல, நூல் முழுவதிலும் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தமிழ் அகராதியில் தமிழ் இல்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில், இந்நூல் பழைய பிரதியிலிருந்து இயந்திரத்தால் எழுத்துணரப்பட்டு அச்சிடப்பட்டது, பிழைகளும் விடுபாடுகளும் இருக்கலாம் என்ற பொருளில் ஓர் அறிவித்தல் இருந்தது. விற்பவருக்கு எழுதியபோது, அதே வாசகம் விற்பனைப் பக்கத்தின் அடியிலும் உள்ளது என்றும், திருப்பி அனுப்புவதற்கான முப்பது நாள் கழிந்துவிட்டது என்றும் பதில் வந்தது. இரண்டும் உண்மையே. பொதி வந்து நான்கு மாதமாகியிருந்தது.

இங்கே வெளிநாட்டு உறவினர் மூலம் வாங்குகின்ற எங்கள் ஊர் வழக்கத்தில் உள்ள ஆபத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். தங்கையோ மருமகனோ அங்கே வாங்கி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடும்போது, திருப்பி அனுப்பும் காலம் நாங்கள் நூலைக் காணுமுன்பே முடிந்துவிடுகிறது. முறைப்பாடு செய்யும் உரிமையும் வாங்கியவரின் கணக்குக்கே உரியது, எமக்கு இல்லை. ஆகவே, பொதி வந்த அன்றே அதைப் பிரித்து, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்புறத்தையும் நடுவில் நான்கைந்து பக்கங்களையும் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். 'உங்கட சாமான், நாங்கள் ஏன் பிரிப்பான்' என்று அவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது எங்கள் பொறுப்பு.

பின்னர் விசாரித்ததில், இது தற்செயலாக நேர்ந்த பிழை அன்று, ஒரு தொழில்முறை என்று அறிந்தேன். பதிப்புரிமைக் காலம் கடந்த பழைய நூல்களை எவரும் அச்சிடலாம்; அதில் சட்டமீறல் எதுவுமில்லை. மேலைநாட்டு நூலகங்கள் வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் வைத்துள்ள பக்கங்களை எடுத்து, கட்டளை வந்த பின்னரே ஒரு பிரதியை அச்சிட்டு அனுப்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். நூலைத் திறந்துகூடப் பாராமல், ஆயிரக்கணக்கான தலைப்புகளைக் கணினியே விற்பனைப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறது. இவற்றுள் இரண்டு வகை உண்டு. ஒன்று, பழைய பக்கத்தின் படத்தையே அச்சிடுவது. இதில் எழுத்து மங்கலாகவும், சில பக்கங்கள் கோணலாகவும், வருடியவரின் விரல் ஒரு பத்தியை மறைத்தபடியும் இருக்கக்கூடும், மடித்து வைத்த தேசப்படங்கள் மடித்தபடியே அச்சாகியிருக்கும், ஆயினும் வாசிக்கலாம். மற்றையது, படத்தைக் கணினியால் எழுத்தாக மாற்றி, ஒருவரும் ஒப்புநோக்காமல் அச்சிடுவது. ஆங்கிலத்தை மட்டும் எதிர்பார்க்கும் கணினிக்குத் தமிழெழுத்து வெறும் கீறல்தான். தமிழும் ஆங்கிலமும் கலந்த பழைய நூல்களை, அகராதிகளையும் இலக்கணங்களையும் யாழ்ப்பாண வரலாறு பற்றிய பழைய ஆக்கங்களையும், இவ்வகையில் வாங்குகிறவர் பணத்தை வீணாக்குகிறார்.

இவற்றுள் பல இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். வின்சுலோ அகராதியைச் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் சொல் சொல்லாகத் தேடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் அங்கே உண்டு. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளுக்கு 2005 இல் எம்மவரால் தொடங்கப்பட்ட 'நூலகம்' இணையத்தளம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய பதிப்புகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அச்சுப் பிரதிதான் வேண்டும் என்றாலும், முதலில் இவற்றில் நூலைப் பார்த்து, எத்தனை பக்கம், எத்தனை தொகுதி, படங்கள் உண்டா என்று குறித்துக்கொண்டு, விற்பவர் தரும் விவரத்தோடு ஒப்பிட வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பக்கம் உள்ள அகராதி நானூறு பக்கத்தில் விற்பனைக்கு இருந்தால், அங்கேயே நின்றுவிடலாம். நான் அதைச் செய்யவில்லை.

ஒரு நூலின் ஒவ்வொரு பதிப்பையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் இலக்கமும் பெரிய துணை. அந்த முறை 1970 இல் சர்வதேச நியமமானது. அதற்கு முன்னர் அச்சான பிரதியில் அது இருக்க முடியாது. ஆகவே 1862 ஆம் ஆண்டு நூலின் விற்பனைப் பக்கத்தில் அந்த இலக்கம் இருந்தால், அங்கே விற்கப்படுவது மறுபதிப்பு என்று கொள்ளலாம்; அல்லது பழைய பிரதி வைத்திருக்கும் ஒருவர் அதை மறுபதிப்பின் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார். இரண்டில் எது என்று கேட்டு, கையிலுள்ள பிரதியின் தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்க வேண்டும். நேர்மையான பழைய புத்தக வியாபாரி அதை மகிழ்ச்சியோடு அனுப்புவார். பதில் சொல்லாதவரிடம் வாங்காமல் விடுவதே நல்லது. 2007 முதல் இலக்கம் பதின்மூன்று எண்களைக் கொண்டது. 978 ஐ அடுத்து 955 அல்லது 624 வந்தால் இலங்கைப் பதிப்பு, 81 அல்லது 93 வந்தால் இந்தியப் பதிப்பு. மெல்லட்டைக்கு ஓர் இலக்கம், கெட்டியட்டைக்கு வேறோர் இலக்கம், திருத்திய பதிப்புக்கு இன்னோர் இலக்கம். தலைப்பையும் ஆசிரியரையும் மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியவராது. இலக்கத்தைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெருந்தளங்களில் ஒரு நூலுக்கு ஒரே பக்கத்தை வைத்து, பல விற்பனையாளரை அதன்கீழ் அடுக்குகிறார்கள். மேலே தெரியும் அட்டைப்படம் அந்தப் பக்கத்துக்குரியது, எமக்கு வரப்போகும் பிரதிக்குரியதன்று. நட்சத்திரங்களும் வாசகர் கருத்துகளும் பெரும்பாலும் நூலைப் பற்றியவை. சில வேளை ஒரு நூலின் வெவ்வேறு பதிப்புகளுக்கும் மொழிபெயர்ப்புகளுக்கும் எழுதப்பட்டவை ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். விற்பவரின் பெயர் சிறிய எழுத்தில் வேறோரிடத்தில் இருக்கும். அதைத் தொட்டால் அவரைப் பற்றிய மதிப்பீடுகளும், அவர் எந்த நாட்டிலிருந்து அனுப்புகிறார் என்பதும் தெரியும். மிகக் குறைந்த மதிப்பீடு இட்டவர்கள் எழுதியதையே முதலில் வாசிக்கும்படி நான் சொல்வேன். 'சொன்ன பதிப்பு வரவில்லை' என்று மூன்று பேர் எழுதியிருந்தால், நான்காவது ஆளாக நாம் நிற்கத் தேவையில்லை.

கையில் இல்லாத நூலை விற்பதும் நடக்கிறது. வேறொருவரிடம் இருக்கும் பிரதியைத் தன்னிடம் இருப்பதாகக் கூடிய விலைக்குப் போட்டுவிட்டு, கட்டளை வந்த பிறகு அவரிடம் வாங்கி அனுப்புவது அந்த வியாபாரம். இதில் விலையையும் மனிதர் போடுவதில்லை. 2011 ஏப்ரலில் அமேசன் தளத்தில், ஈயின் உடல் வளர்ச்சி பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை 2 கோடியே 36 இலட்சம் டொலர் வரை ஏறியது. அதைக் கவனித்து ஆராய்ந்து எழுதியவர் மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர். இரண்டு விற்பனையாளரின் கணினிகள் ஒன்றையொன்று பார்த்து நாள்தோறும் விலையை மாற்றிக்கொண்டிருந்தன: ஒருவருடைய கணினி மற்றவரின் விலையைவிடச் சற்றே குறைத்துப் போட, மற்றவருடையது முன்னவரின் விலையை ஏறத்தாழ 1.27 ஆல் பெருக்கிப் போட்டது. அப்படிக் கூட்டிப் போட்டவரிடம் நூலே இருந்திருக்காது, யாராவது வாங்கினால் மற்றவரிடம் வாங்கிக் கொடுக்கும் எண்ணத்தில் இருந்திருப்பார் என்பது ஐசனின் கருத்து. அதே நூலின் பழைய பிரதிகள் அதே தளத்தில் 35 டொலர் அளவில் கிடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு கோடி டொலரைக் கண்டால் எவரும் விலகிவிடுவார்கள். ஆனால் ஐந்நூறு ரூபா நூல் ஐயாயிரம் ரூபாவுக்கு இருந்தால், 'அரிய நூல் ஆக்கும்' என்று நினைத்து வாங்குகிறவர்கள் எம்மிடையே உண்டு. திரையில் காணும் விலை நூலின் அருமைக்குச் சாட்சியன்று. இரண்டு மூன்று தளங்களில் ஒப்பிட்ட பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். அயலில் உள்ள பொறியியல் பீட மாணவர் ஒருவர், விரிவுரையாளர் சொன்ன பாடநூலைப் பழைய பிரதியாகக் குறைந்த விலைக்கு வாங்கினார். தலைப்பும் ஆசிரியரும் பதிப்பு எண்ணும் சரியாகவே இருந்தன. ஆனால் அது வேறு நாடுகளுக்கென அச்சான பதிப்பு. அத்தியாய முடிவிலுள்ள கணக்குகளின் வரிசையும் எண்களும் மாறியிருந்தன. 'ஐந்தாம் அத்தியாயம், பன்னிரண்டாம் கணக்கு' என்று ஒப்படை கொடுக்கப்பட்டால், அவர் நூலில் அது வேறு கணக்கு. இணையப் பயிற்சிக்கான கடவுக்குறியும் முன்னர் வாங்கியவரால் சுரண்டிப் பயன்படுத்தப்பட்டிருந்தது. அத்தகைய குறி ஒருமுறைக்கு மேல் செல்லாது. இந்திய உபகண்டத்தில் மட்டும் விற்பனைக்கு என்று குறித்து வரும் மலிவுப் பதிப்புகள் எமக்கு முறையாகவே கிடைக்கக்கூடியவை. அவை உள்ளூரில் உண்டா என்று முதலில் கேட்டிருந்தால் அவருக்கு அந்த அலைச்சல் இருந்திராது. பழைய பிரதிகளின் நிலையைக் குறிக்கும் சொற்களையும் அவர் நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார். 'குட்' என்று போட்டிருந்தால் நல்ல நிலை என்றுதானே நினைப்போம்? அந்த வரிசையில் அதற்கு மேலே புதியது போன்றது, மிக நல்லது என இரண்டு படிகள் உண்டு. 'குட்' என்றால் அடிக்கோடுகளும், ஓரக்குறிப்புகளும், ஏதோ ஒரு நூலகத்தின் முத்திரையும் இருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

தூரத்து விற்பனையாளரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அருகில் உள்ளவர்களைச் சொல்லாமல் விட முடியாது. முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும், முகவரி இல்லாமல் ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டும் போட்டுத் தமிழ் நூல்களை விற்கிறவர்களுள் நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். கள்ளப் பதிப்பை விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நண்பர் ஒருவர் அவ்வாறு வாங்கிய நாவலைப் பார்த்தேன். அட்டை பளபளப்பாக இருந்தது. உள்ளே எழுத்து நரைத்து, பக்கத்தின் ஓரத்தில் மூலப் பிரதியின் முதுகு விழுத்திய கருநிழல் தெரிந்தது. 176 ஆம் பக்கத்தின் பின் 193 ஆம் பக்கம் வந்தது. பதினாறு பக்கக் கட்டு ஒன்று அப்படியே இல்லை. எங்கள் எழுத்தாளர்கள் பலர் முந்நூறு, ஐந்நூறு பிரதிகளைத் தாமே செலவழித்து அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றதுபோக மிச்சத்தை வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நூலைப் போட்டோப்பிரதி எடுத்தும், பீடிஎப் கோப்பாக்கியும் ஒருவர் விற்றால், அந்த அடுக்கு குறைவதே இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. வாங்குகிறவர் அறியாமல் வாங்கினாலும் இழப்பு ஆசிரியருக்குத்தான். எனவே முகநூலில் ஒரு புதிய ஈழத்து நூலைக் கண்டால், ஆசிரியரையோ பதிப்பகத்தையோ நேரில் தொடர்புகொண்டு வாங்குங்கள் என்று வாசகர்களை இரந்து கேட்கிறேன்.

பணம் செலுத்தும் வழியும் முக்கியம். முன்பின் தெரியாதவரின் தனிப்பட்ட வங்கிக் கணக்கில் வைப்புச் செய்தால், அதைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். கடனட்டையில் செலுத்தியிருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் தெரிவிக்க ஒரு கால எல்லை வரையிலாவது இடமுண்டு. பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறை பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் கூரியர்காரர் பெரும்பாலும் காசைப் பெற்ற பின்னரே பொதியைப் பிரிக்க விடுவார், பிரித்த பின் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பிரிக்கும்போதே காணொளி எடுத்து வைப்பதும், விற்பனைப் பக்கம் திரையில் தெரிந்தபடியே எடுத்த படத்தை (ஸ்கிரீன்ஷொட்) பணம் செலுத்துமுன் சேமித்து வைப்பதும் பின்னர் உதவும். உள்நாட்டு விற்பனையாளர் ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். நூல்தானே என்று எவரும் முறைப்பாடு செய்வதில்லை. இரண்டாயிரம் ரூபா அரிசியில் கலப்படம் என்றால் சும்மா இருப்போமா?

தங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஞாயிறு இதழின் நூல் அறிமுகப் பகுதியை நான் தவறாமல் வாசிக்கிறேன். அதில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் அட்டைப்படமும் இருக்கின்றன. விலையும், பக்க எண்ணிக்கையும், ஐ.எஸ்.பி.என். இலக்கமும், யாழ்ப்பாணத்தில் அந்நூல் எங்கே கிடைக்கும் என்பதும் பல வாரங்களில் இல்லை. அறிமுகத்தை வாசித்து ஆவல் கொண்டவர் அடுத்ததாகக் கைத்தொலைபேசியில் தேடுகிறார். முதலில் கண்ணில் படுகிறவரிடம் வாங்குகிறார். அந்த நான்கு விவரங்களும் ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நூல் அனுப்பும் எழுத்தாளர்களிடம் அவற்றை எழுதித் தரும்படி கேட்டு, அடுத்த இதழிலிருந்தே அந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுமாறு தங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரிய நூலகர்,
கொக்குவில்.